அந்தப் பொண்ணு எங்கே போச்சு?



இன்றைக்கு சீரியலைப் பற்றி எழுதப் போகிறேன். "ரிட்டயர் ஆனதும் டீச்சருக்குப் பொழுது போகல" என்று சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

சீரியலில் நடிகர் மாறுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. மாறியதைச் சொல்லாமல் மாற்றுவதுதான் தப்பு. அதைத்தான் கேட்கப் போகிறேன்.

நேற்று வரை மருமகளாக இருந்த பெண்ணின் இடத்தில் இன்றைக்கு வேறொரு பெண் அடுப்படியில் நிற்கிறாள். மாமியார் அவளைப் பழைய பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். கட்டின புருஷனுக்கே வித்தியாசம் தெரியவில்லை. பார்க்கிற நமக்கு மட்டும் தெரிகிறது. "இவருக்குப் பதில் இவர்" என்று ஒரு வரி திரையில் வந்தால் அது நம் அதிர்ஷ்டம். பல நேரம் அதுவும் கிடையாது.

நம் பக்கத்தில் இதை யார் பார்க்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர் என்று எந்தத் தெருவுக்குப் போனாலும் மதியம் ரெண்டு மணிக்கு நாலு வீட்டில் டிவி ஓடும். ராத்திரி பார்க்க முடியாததை மறுஒளிபரப்பில் பார்ப்பவர்களும் உண்டு. சத்தத்தைக் குறைத்துத்தான் வைத்திருப்பார்கள். நைட் ஷிப்ட் முடித்து வந்த பிள்ளை உள்ளே தூங்குகிறான் இல்லையா? வசனம் பாதி காதில் விழாது. முகத்தைப் பார்த்தே கதையைப் புரிந்துகொள்கிறவர்கள் அவர்கள். அந்த முகத்தை ஒரே நாளில் மாற்றிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி கதையை ஓட்டினால் அது அவர்களை மதிப்பதாகுமா?

சில உதாரணங்களை நினைத்துப் பாருங்கள். 'செம்பருத்தி'யில் அகிலாண்டேஸ்வரி மகன் ஆதியாக வந்த கார்த்திக் ராஜ் 2020 கடைசியில் விலகினார், அக்னி வந்தார். 'பாரதி கண்ணம்மா'வில் கண்ணம்மாவாக இருந்த ரோஷினி ஹரிப்ரியன் 2021இல் போனார், வினுஷா தேவி வந்தார். 'பாக்கியலட்சுமி'யில் ராதிகா பாத்திரம் ஜெனிஃபரிடமிருந்து ரேஷ்மா பசுபுலேட்டிக்குப் போனது. 'சித்தி 2'இல் பொன்வண்ணன் இருந்த இடத்துக்கு நிழல்கள் ரவி வந்தார். 'எதிர்நீச்சல்' 2024 ஜூனில் முடிந்து டிசம்பரில் இரண்டாம் பாகமாகத் திரும்பி வந்தபோது, ஜனனியாக நாம் பழகியிருந்த மதுமிதா அதில் இல்லை, பார்வதி இருந்தார்.

2020 ஊரடங்கை ஒரு காரணமாகச் சொல்வார்கள். அது நியாயமான காரணம்தான். நம் எளாவூர் செக்போஸ்டில் இ-பாஸ் இல்லாமல் ஈ நுழைய முடியாத காலம் அது. பெங்களூரிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஐதராபாத்திலிருந்தும் வந்து நடித்தவர்கள் எப்படி வருவார்கள்? அப்போது பல தொடர்களில் ஆள் மாறியது. ரேவதி நடித்த 'அழகு' அதோடு நின்றே போனது. வருஷக்கணக்கில் தினமும் பார்த்தவர்களுக்கு அந்தக் குடும்பம் கடைசியில் என்ன ஆனது என்று தெரியாமலே போயிற்று.

இறப்பு வந்தால் கதை வேறு. 'எதிர்நீச்சல்' ஆதி குணசேகரன் மாரிமுத்து 2023 செப்டம்பர் 8ஆம் தேதி அந்தத் தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதே நெஞ்சுவலி வந்து காலமானார். நாடே பேசியது. சில வாரங்கள் அந்தப் பாத்திரம் திரைக்கு வராமல் கதை நகர்ந்தது. பிறகு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். "அவர் மாதிரி வரல" என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் ஏன் இவர் வந்தார் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதனால் மனசு ஏற்றுக்கொண்டது.

'பாண்டியன் ஸ்டோர்ஸ்' முல்லையும் அப்படித்தான். சித்ரா 2020 டிசம்பர் 9 அன்று நம் மாவட்டத்திலேயே, பூந்தமல்லிக்குப் பக்கத்தில் நசரத்பேட்டையில், போய்ச் சேர்ந்தார். நம் தெருவில் பெண்கள் சொந்த வீட்டுச் சாவு போல அழுதார்கள். அதன்பின் காவ்யா அறிவுமணி முல்லை ஆனார், அவருக்குப் பின் லாவண்யா. ஒரே முல்லைக்கு மூன்று முகம்.

நான் கேட்பது இதுதான். செத்தால்தான் மரியாதையா? உயிரோடு இருக்கிறவர் நாலு வருஷம் உழைத்துவிட்டுப் போகும்போது நன்றி என்று ஒரு வார்த்தை கிடையாதா? அவர் போன செய்தி நமக்கு அவருடைய இன்ஸ்டாகிராமிலிருந்துதான் வர வேண்டுமா? இன்ஸ்டாகிராம் வைத்திராத பாட்டிக்கு யார் சொல்வது?

இதற்கு மூன்று பதில்கள் வரும் என்று தெரியும்.

முதல் பதில்: "டீச்சர், அது கதைதானே, பாத்திரம்தானே முக்கியம்!" பாத்திரம் முக்கியம் என்றால் அதை ஏன் பாதியில் தொலைக்கிறீர்கள்? மூத்த மருமகளின் தம்பி காலேஜுக்குப் போனவன் போனவன்தான், திரும்பவே இல்லை. சித்தப்பா வெளிநாடு போகிறார், யாருமே அவருக்கு ஒரு போன் போடுவதில்லை. பாத்திரம் முக்கியம் என்று நினைக்கிறவர்கள் செய்கிற காரியமா இது?

இரண்டாவது: "ஒருத்தர் போனாங்கன்னு சீரியலை நிறுத்தினா எத்தனை குடும்பம் பட்டினி கிடக்கும்?" சத்தியமான பேச்சு. லைட் பிடிப்பவர், மேக்கப் போடுபவர், சாப்பாடு பரிமாறுபவர் என்று எல்லாருக்கும் அதுதான் சோறு. யார் நிறுத்தச் சொன்னது? மாற்றுங்கள். சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

மூன்றாவது: "ஜனங்க ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க." இதுதான் எனக்குக் கோபம் வருகிற பதில். இந்தியில் 'கியூங்கி சாஸ் பீ கபி பஹூ தீ' என்று ஒரு தொடர், 2000இல் தொடங்கியது. அதில் மிஹிர் என்ற கணவன் பாத்திரத்தைச் சாகடித்தார்கள். ஜனங்கள் கொதித்துப்போனதைப் பார்த்து அந்தப் பாத்திரத்தை உயிரோடு கொண்டுவர வேண்டியதாயிற்று. அமர் உபாத்யாய் போய், இந்தர் குமார் வந்து, பிறகு ரோனித் ராய் வந்தார். ஜனங்கள் மறப்பவர்கள் என்றால் அந்தப் பாத்திரம் அன்றே செத்திருக்கும். அமெரிக்காவின் பகல்நேரத் தொடர்களில் ஆள் மாறும்போது, "இந்தப் பாத்திரத்தில் இனி நடிப்பவர் இவர்" என்று ஒரு குரல் அறிவிக்கும் வழக்கம் உண்டு. அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? பத்து நொடி. அரை மணி நேரத்தில் எத்தனை விளம்பரம் போடுகிறார்கள், பத்து நொடி இல்லையா?

இதில் நடிகர்களைத் திட்டாதீர்கள். சீரியலில் பெரும்பாலும் நாள் கணக்கில்தான் சம்பளம். வாரா வாரம் வியாழக்கிழமை வருகிற டிஆர்பி எண்தான் கதையையும் மாற்றுகிறது, ஆளையும் மாற்றுகிறது. சினிமாவில் ஒரு வாய்ப்பு வந்தால் போகத்தான் செய்வார்கள், நம் பிள்ளைகள் நல்ல கம்பெனி கிடைத்தால் போவதில்லையா? அதைவிட முக்கியம், புதிதாக வந்த பெண்ணின் பக்கத்தில் போய் "பழைய ஆளே மேல்" என்று அசிங்கமாக எழுதாதீர்கள். அவள் யார் இடத்தையும் பிடுங்கவில்லை. கூப்பிட்டார்கள், வந்தாள். சொல்ல வேண்டியவர்கள் சொல்லாததால்தான் அவள் உங்களிடம் திட்டு வாங்குகிறாள்.

நான் இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்து, சின்ன வகுப்புகளிலேயே காலத்தைக் கழித்தவள். எங்கள் பள்ளிகளில் சேர்க்கை நீக்கப் பதிவேடு என்று ஒன்று உண்டு. அஞ்சு வயசுப் பிள்ளை பள்ளியை விட்டுப் போனாலும் அதில் எழுத வேண்டும்: எந்தத் தேதியில் போனது, என்ன காரணம். செங்கல் சூளை வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை மூன்று மாதம் மட்டும் படித்திருந்தாலும் சரி, அந்தக் காரணக் கட்டத்தை நிரப்பாமல் பேரை அடிக்க முடியாது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இருக்கிற அந்த ஒரு வரி, ஆயிரம் எபிசோடு நடித்தவருக்கு இல்லை.

இதை ஏன் இவ்வளவு பெரிசாக எடுத்துக்கொள்கிறேன் என்றால், "இவருக்குப் பதில் இவர்" என்பது சீரியலோடு நிற்கவில்லை. சிப்காட்டில் வேலை பார்க்கிற என் பழைய மாணவர்களுக்கு இது நன்றாகப் புரியும். என்னிடம் படித்த ஒருவன் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் காண்ட்ராக்டில் இருந்தான். ஒரு திங்கட்கிழமை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. அன்றைக்கே அவன் மெஷினில் வேறொரு பையன் நின்றான், கம்பெனி பஸ்ஸில் அவன் சீட்டில் வேறொருவர் உட்கார்ந்தார். "என்னைப் பத்தி யாருமே கேக்கல டீச்சர்" என்றான். வேலை போனதைவிட அதுதான் அவனுக்கு வலித்தது.

ஆள் மாறினால் கேட்காமல் இருக்க நாம் தினமும் அரை மணி நேரம் பழகிக்கொண்டிருக்கிறோமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து "அந்தப் பொண்ணு எங்கே போச்சு, நல்லா இருக்குதா?" என்று கேட்கிற அம்மாக்களைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கிறீர்கள். சிரிக்காதீர்கள். அந்த வீட்டில் மனுஷத்தனமாகக் கேட்கப்படுகிற கேள்வி அதுதான்.

சேனல்களிடம் நான் கேட்பது மூன்றே மூன்று.

1. ஆள் மாறும் நாளில் இரண்டு பேர் பெயரையும் போடுங்கள். படிக்கிற அளவு எழுத்தில், படிக்கிற அளவு நேரம். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களும் பார்க்கிறார்கள். குரலிலும் சொல்லுங்கள்.

2. போகிறவருக்கு நன்றி சொல்லுங்கள். காரணம் அவருடைய சொந்த விஷயம் என்றால் வேண்டாம், நன்றி போதும்.

3. பாத்திரத்தை அனுப்புவதென்றால் கதையில் ஒழுங்காக அனுப்புங்கள். தொடரை நிறுத்துவதென்றால் ஒரு கடைசி எபிசோடாவது கொடுத்துவிட்டு நிறுத்துங்கள்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். நாளைக்கு ஷிப்ட் பஸ்ஸில் வழக்கமாக உட்காருகிற ஒருவர் இல்லையென்றால், அவருக்கு ஒரு போன் போட்டு எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்துவேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்