துப்புத் துலக்காத துப்பறிவாளன்

நகைத்தலைப் பெருமைக் குறைவென்று கருதுவார் நம்முள் இன்றும் உளர். ஜூபிலி மலரொன்றிலே கல்வியும் சமயமும் பேசப்படுவதே முறை. வழுக்கி விழுவாரையும் துரத்தி ஓடுவாரையும் காட்டும் சலனப்படத்துக்கு இங்கு என்ன வேலை என்று அன்னார் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும், மெய்ப்பாடுகள் எட்டினையும் எடுத்துக் கூறப் புகுந்த தொல்காப்பியர் நகையையே முதலில் வைத்தார் என்பதை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகின்றோம். நகை பிறத்தற்கு இடமாக அவர் காட்டிய எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்த படம் ஒன்றுண்டு. அதனைப் பற்றியே இங்கு சில கூறத் துணிந்தோம்.

1924ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த 'ஷேர்லொக் ஜூனியர்' என்னும் மௌனப் படமே அது. அதனை இயக்கித் தலைமைப் பாத்திரத்தையும் ஏற்று நடித்தவர் பஸ்ரர் கீற்றன். 1895ஆம் ஆண்டிலே கான்சஸ் மாநிலத்திற் பிறந்த இவர், சிறு பிள்ளைப் பருவத்திலேயே பெற்றோருடன் மேடையேறியவர். விழுவதும் எழுவதும் இவருக்குக் குலவித்தை எனலாம். எத்துணை இடர் நேரினும் சிரியாத முகத்தினர். கல்முகத்தார் என்றே உலகம் இவரை அழைத்தது. படமோ ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடுவது.

கதை மிகச் சிறியது. படமாளிகையொன்றில் படம் ஓட்டுவதும் கூட்டிப் பெருக்குவதுமாகிய இரு வேலைகளையும் பார்க்கும் ஏழை இளைஞன் ஒருவன், துப்பறிவாளனாக வேண்டுமென்று ஆசைப்படுகின்றான். அதற்கென ஒரு கைந்நூலையும் வைத்துப் படிக்கின்றான். அவன் ஒரு பெண்ணை விரும்புகின்றான். அவளுக்கு ஒரு டொலருக்கு இனிப்புப் பெட்டி வாங்கிக்கொண்டு போகும்போது, விலை குறைவென்று நாணி, ஒன்று என்னும் இலக்கத்தை நான்காகத் திருத்திவிடுகின்றான். அதே பெண்ணை விரும்பும் மற்றொருவனோ அவளுடைய தந்தையின் கைக்கடிகாரமன்று, சட்டைப்பையிற் கிடக்கும் சங்கிலிக் கடிகாரத்தைத் திருடி, நான்கு டொலருக்கு அடகு வைத்து, அப்பணத்திற் பெரிய பெட்டியொன்றை வாங்கி வருகின்றான்.

கடிகாரம் காணாமற் போன செய்தி வெளிப்பட்டதும் நம் இளைஞன் நூலைப் புரட்டுகின்றான். அனைவரையும் சோதிக்க வேண்டுமென்று நூல் விதிக்கின்றது. சோதனை தொடங்குகின்றது. திருடியவன் அடகுச் சீட்டை இளைஞனின் பைக்குள் முன்னமே நழுவ விட்டிருந்தான். சீட்டிலும் நான்கு டொலர். இனிப்புப் பெட்டியிலும் நான்கு டொலர். இனி என்ன சான்று வேண்டும்? வெறும் பெருமைக்காகத் திருத்திய ஓரிலக்கம் அவனைக் கள்வனாக்கி வீட்டினின்றும் வெளியேற்றிவிடுகின்றது.

மனமுடைந்து படமாளிகைக்குத் திரும்பியவன், படம் ஓடிக்கொண்டிருக்கையில் இயந்திரத்தின் அருகே உறங்கிப் போகின்றான். கனவில் அவனது உருவம் எழுந்து சென்று திரைக்குள்ளே புகுகின்றது. அவன் நிற்க, காட்சிகள் மாறுகின்றன. பூங்காவில் அமரப் போனவன் நெடுந்தெருவில் விழுகின்றான், சிங்கங்களிடையே அகப்படுகின்றான், கடற்பாறையினின்று நீரிற் பாய்ந்தவன் பனிக்குவியலிற் புதைகின்றான். கணினி என்பது இல்லாத அக்காலத்தில், ஒவ்வோரிடத்திலும் நடிகர் நிற்கும் தூரத்தையும் உயரத்தையும் நில அளவைக் கருவி கொண்டு அளந்து இக்காட்சியை எடுத்தனர். பின்னர் அக்கனவில் அவனே உலகு வியக்கும் துப்பறிவாளன் ஆகின்றான். வெடிமருந்து அடைத்த 13ஆம் இலக்கப் பில்லியர்ட்ஸ் பந்தை மாத்திரம் தீண்டாது ஏனையவற்றை வீழ்த்துகின்றான். ஓட்டுபவன் விழுந்துவிட்டதை அறியாமல் மோட்டார்ச் சைக்கிளின் கைபிடி மேலிருந்தவாறே ஊரையெல்லாம் கடந்து போகின்றான்.

இப்படத்தின் கவர்ச்சி இக்கனவுக் காட்சியிலும் இவ்வித்தைகளிலுமே உள்ளதென்பர் பலர். அதனை நாம் மறுக்கவில்லை. ஒரு காட்சியில், புகையிரதத்துக்கு நீர் வார்க்கும் குழாயினின்று கொட்டிய வெள்ளம் கீற்றனைத் தண்டவாளத்தில் மோதி வீழ்த்தியது. கழுத்தெலும்பு முறிந்ததைப் பல ஆண்டுகளின் பின் எக்ஸ்-கதிர்ப் படத்தைக் கண்டே அவர் அறிந்தார். நாம் எளிதிற் சிரித்துவிட்டுப் போகும் பேதைமைக்குப் பின்னால் இத்துணை உழைப்பும் வலியும் உண்டு. ஆயினும், வித்தை வியப்பைத் தரும். ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னும் அன்பைத் தராது. நாம் இப்படத்தை விரும்புவதற்குக் காரணம் வேறு.

நம் துப்பறிவாளன் கனவிலே வெற்றிமேல் வெற்றி பெறுகின்றான். நனவிலே ஒன்றையும் துலக்கினானல்லன். அவன் உறங்குமுன்னரே உண்மை வெளிப்பட்டுவிடுகின்றது. வெளிப்படுத்தியவள் அப்பெண். அவள் நூல் எதனையும் படித்தவளல்லள், மாறுவேடமும் பூண்டவளல்லள். அடகுக் கடைக்குப் போனாள், கடிகாரத்தைக் கொணர்ந்தவன் யார் என்று கேட்டாள், அறிந்தாள். அவ்வளவே. துப்பறியும் கதை முழுவதையும் எள்ளி நகையாடும் இந்த எளிய செயலிலேதான் படத்தின் உயிர் இருக்கின்றது என்பது எமது துணிபு.

நாம் மாணவராய் விடுதியொன்றில் வாழ்ந்த காலத்து நிகழ்ச்சி ஒன்று இங்கு நினைவுக்கு வருகின்றது. ஒருவனுடைய ஊற்றுப்பேனை காணாமற் போயிற்று. அவ்வாரமே வறிய மாணவன் ஒருவன் புதுச் செருப்பு அணிந்து வந்தான். பேனையின் விலையையும் செருப்பின் விலையையும் நாங்கள் கூட்டிக் கழித்துப் பார்த்தோம். கணக்குச் சரியாக வந்தது. எவரும் அவனை நேரே குற்றஞ் சாட்டவில்லை, அவனோடு பேசாதிருந்தோம். தவணை முடிவில் அவன் விடுதியை விட்டு நீங்கினான். சில கிழமைகளின் பின், பேனை அதற்குரியவனின் மேற்சட்டைக் கிழிசலுக்குள்ளிருந்து எடுக்கப்பட்டது. செருப்பு யார் வாங்கித் தந்தது என்று அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அத்தனை நூல் படித்த எம்முள் ஒருவருக்கேனும் அது தோன்றவில்லை. இப்படத்தில் நான்கு டொலர்க் காட்சி வரும்போது பிறர் சிரிப்பர், நாமும் சிரிப்போம், ஆனால் அச்சிரிப்பு தொண்டையிற் சற்றே தடைப்படும்.

கதை மெலிந்தது, பாத்திரங்கள் ஆழமற்றன என்று குறை கூறுவோர் உளர். உண்மையே. ஆழமான பாத்திரங்களைத் தேடுவோர் வேறு படங்களை நாடுக. ஆனால் வாழ்க்கையை நூலிற் கற்றுவிடலாம் என்று நம்பும் இளமையின் மடமையை இத்துணை இரக்கத்தோடு காட்டிய படங்கள் சிலவே. இறுதியில் அப்பெண் வந்து மன்னிப்புக் கேட்கின்றாள். அவளிடம் எவ்வாறு நடந்துகொள்வதென்று அறியாத அவன், திரையில் ஓடும் படத்தின் கதாநாயகனைப் பார்த்துப் பார்த்து அவ்வாறே செய்கின்றான். கையைப் பற்றுகின்றான், மோதிரம் அணிவிக்கின்றான், முத்தமும் இடுகின்றான். மறுகணம் திரையிலே கதாநாயகன் குழந்தைகளோடு காட்சியளிக்கின்றான். இடையில் நிகழ்ந்ததென்ன? திரை கூறவில்லை. நம் இளைஞன் தலையைச் சொறிகின்றான், படம் முடிகின்றது. நூலும் திரையும் வாய்மூடும் இடத்திலேதான் வாழ்க்கை தொடங்குகின்றது என்பதை இதனினும் சுருங்கச் சொல்லுதல் அரிது.

1991ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இப்படம் இடம்பெற்றது. 2020ஆம் ஆண்டு தொடக்கம் அந்நாட்டிற் பதிப்புரிமைக் கட்டினின்றும் அது நீங்கியுள்ளது. ஆதலின் பழைய மாணவர் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் சொற்பொழிவுகளுக்கு மண்டபத்தைத் திறக்கின்றோம். ஒரு மாலையேனும் இப்படத்துக்காகத் திறப்போமாக. இடையிடையே தோன்றும் சில எழுத்துக்களை ஆசிரியர் ஒருவர் தமிழிற் சொல்லிவிட்டால், கீழ் வகுப்புச் சிறுவனும் முதிய அன்பரும் ஒருங்கிருந்து சிரிக்கலாம். சிரித்து வீடு திரும்பும் மாணவருள் ஒருவனேனும், நாளை தன் தோழன்மேல் பழி விழும்போது கணக்குப் பாராது, கடைக்குப் போய் ஒரு வார்த்தை கேட்பானாயின், அம்மாலை வீண்போகாது.