ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்!

போன வருஷம் மார்கழியில் ஒரு விடியற்காலை. அத்தை (என் மாமியார்தான்) வாசலில் கோலம் போட்டுக் கொண்டிருந்தார். எழுபது வயதிலும் இழை பிசகாத கை. காற்றில் கோலமாவு பறந்து வலது கண்ணில் விழுந்துவிட்டது. அந்தக் கண்ணைக் கசக்கிக் கொண்டே நிமிர்ந்தவர், "ஏம்மா, கதவு நிலை நடுவுல வளைஞ்சிருக்கே, கரையான் அரிச்சிடுச்சா?" என்றார்.

நிலை நேராகத்தான் இருந்தது. "உங்களுக்குப் புரை வளருது அத்தை. தை பிறக்கட்டும், ஆபரேஷன் பண்ணிக்கலாம்" என்று நானே வைத்தியம் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

பொங்கல் போய், நாத்தனார் மகள் கல்யாணமும் முடிந்து, மாசியில்தான் கண் டாக்டரிடம் போனோம். சொட்டு மருந்து விட்டு, ஸ்கேனும் எடுத்துப் பார்த்தவர், "இது புரை இல்லைம்மா. மாக்குலா சிதைவு. கோடு வளைந்து தெரிந்ததுமே வந்திருக்கணும்" என்றார். இடது கண்ணில் அதற்குள் தழும்பு விழுந்துவிட்டது. அந்தக் கண்ணால் பார்த்தால் எதிரே இருப்பவர் முகம் கலங்கிய தண்ணீர்தான். என் அவசர வைத்தியத்தின் பலன்!

விழித்திரையின் நடுவே உள்ள சின்ன இடம்தான் மாக்குலா. படிக்கவும், ஊசி கோர்க்கவும், முகம் பார்க்கவும் அதுதான் வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் அது சிதையலாம். உலர் வகைதான் அதிகம், மெதுவாக வளரும். ஈர வகையில் புது ரத்தக் குழாய்கள் முளைத்துக் கசியும். இது சில வாரங்களிலேயே பார்வையைக் கெடுத்துவிடும். ஆனால் இதற்குத்தான் கண்ணுக்குள் போடும் ஊசி இருக்கிறது. "கண்ணுல ஊசியா!" என்று அத்தை அலறினார். மரத்துப்போக மருந்து விட்டுத்தான் போடுகிறார்கள். கசிவை அடக்கும், விழுந்த தழும்பை மாற்றாது. அதனால்தான் அவசரம்.

ஒரு கண் கெட்டாலும் இன்னொரு கண் ஈடுகட்டிவிடும். அதனால் நமக்குத் தெரிவதேயில்லை. டாக்டர் சொல்லிக் கொடுத்த சோதனை இதுதான்: குழந்தைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தின் நடுவில் கறுப்பாகப் புள்ளி வையுங்கள். படிக்கும் கண்ணாடியைப் போட்டுக் கொண்டு, நல்ல வெளிச்சத்தில், ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் பிடியுங்கள். ஒரு கண்ணைப் பொத்தி, மற்றதால் புள்ளியை மட்டும் பாருங்கள். பிறகு அடுத்த கண். கோடு நெளிந்தாலோ, கட்டம் மறைந்தாலோ, நடுவில் கறுப்பாகத் திட்டுத் தெரிந்தாலோ, மறுநாளே டாக்டரிடம் போக வேண்டும். ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் இராது என்பதால், நோட்டை நம்பி டாக்டரிடம் போகாமலும் இருக்கக் கூடாது.

புகை பிடிப்பவர்களுக்கும், குடும்பத்தில் யாருக்காவது இருந்தவர்களுக்கும் ஆபத்து அதிகம். இதைக் கேட்டதும் என் கணவர் சிகரெட்டை விட்டார். இருபது வருஷம் நான் சொல்லி நடக்காத காரியம்! கீரை, மீன், பச்சைக் காய்கள் நல்லது. இதற்கென்று விற்கும் வைட்டமின் மாத்திரைகள் எல்லோருக்கும் ஏற்றவை அல்ல. டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

வீட்டிலும் சில மாற்றங்கள் செய்தோம். படி விளிம்பில் மஞ்சள் பெயிண்ட். வெள்ளைச் சோற்றுக்கு வாழையிலை அல்லது அடர்நிறத் தட்டு. மருந்து டப்பாக்களில் கொட்டை எழுத்து. ஊறுகாய் ஜாடிக்குச் சிவப்புத் துணி.

வெள்ளிக்கிழமை தோறும் விளக்கேற்றியதும் அத்தை நோட்டை எடுப்பார். ஆவணியில் ஒரு வெள்ளி, "வலது கண்ணுல ஒரு கோடு லேசா நெளியுதும்மா" என்றார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டோம். சரியான சமயத்தில் ஊசி போட்டதால் அந்தக் கண் தப்பியது. இன்றும் அத்தை பேப்பர் படிக்கிறார், கோலமும் போடுகிறார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்று மாலையே நோட்டைக் கொடுத்துப் பாருங்கள். புரையா, வேறா என்பதை டாக்டர் சொல்லட்டும். நாம் சொல்ல வேண்டாம்.