இடியுமுன் எழுதுக!

ஓர் இனத்தின் வரலாற்றை அழிப்பதற்கு இக்காலத்தில் பெரும்படை வேண்டுவதில்லை. ஒரு மண்வாரிப் பொறியும் அரை நாட்பொழுதும் போதும். காலையில் நின்ற கல்மண்டபம் மாலையில் கற்குவியலாகும். சில நாள்களில் அக்குவியலும் எவர் வீட்டுக் கடைக்காலிலோ சென்று மறையும். அங்கே என்ன இருந்தது, எவர் கட்டினார், எதற்காகக் கட்டினார் என்று நாளை ஒரு பேரன் கேட்பானாயின், விடைசொல்ல ஊரில் ஓர் ஏடும் இராது. தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றில் ஓசையின்றி நடந்துவரும் இழப்பு இதுவே.

அருப்புக்கோட்டைக்குத் தெற்கே, திருச்சுழி வட்டத்தில், கரிசற்காட்டின் நடுவிலுள்ள பரளச்சியையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் எண்ணிப் பார்க்க. வானம் பார்த்த நிலம். பருத்தியும் கம்பும் சோளமும் விளைந்த மண். மழை பொய்த்தால் குடிநீருக்கும் நெடுந்தொலைவு நடந்த மக்கள். இத்தகைய நிலத்தில் வாழ்ந்தோர் விட்டுச்சென்றவை மாடமாளிகைகள் அல்ல. கண்மாயின் மடை, கலிங்கு, ஊருணிப் படித்துறை, கல்கட்டிய கிணறு, வழிப்போக்கர் தங்கிய கல்மண்டபம், ஊர்ச்சாவடி, வீழ்ந்த வீரனுக்கு நட்ட கல், சுண்ணாம்புக் காரையால் எழுப்பிய பழைய வீடு, கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக வழியோரம் நிறுத்திய சுமைதாங்கி என, இவையே கரிசல் ஊர்களின் உடைமைகள். வறட்சியோடு போராடி வாழ்ந்த மக்களின் அறிவும் அறமும் இவற்றிலேதான் எழுதப்பட்டுள்ளன. ஆயின், இவற்றை எண்ணியவர் எவர்? எழுதி வைத்தவர் எவர்?

எழுதி வையாததன் விளைவைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. இன்றைய விருதுநகர் மாவட்டத்துக் குரண்டியில், ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன், திருக்காட்டாம்பள்ளி என்னும் பெயர்பெற்ற சமணப்பள்ளி ஒன்று இருந்தது. வெண்பு நாட்டுக் குறண்டி என்று அன்றைய கல்வெட்டுகள் அவ்வூரைக் குறிக்கின்றன. மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடிச் சமணர்மலையில் திருமேனிகள் செதுக்குவித்த துறவியர் பலர் தம்மைக் குறண்டியைச் சார்ந்தவராகவே பொறித்துக்கொண்டனர். அத்தனைப் பெருமைவாய்ந்த பள்ளி இன்று நிற்கவில்லை. திருச்சுழியை அடுத்த பள்ளிமடத்துச் சிவன் கோயிலில், அப்பள்ளியைக் கூறும் கல்வெட்டுத் துண்டுகள் கட்டுமானக் கற்களாகக் கிடைத்தன. ஒன்றன் கல்லை எடுத்து மற்றொன்றைக் கட்டுவது அன்றும் நடந்தது, இன்றும் நடக்கிறது. அன்றைய கல்லில் எழுத்திருந்தமையால் ஓர் ஊரின் வரலாறு உயிர்தப்பியது. எழுத்தில்லாத மடைக்கும் மண்டபத்துக்கும் சாவடிக்கும் அவ்வாய்ப்பும் இல்லை. அவற்றுக்காக எழுத வேண்டியவர் இன்றிருப்போரே.

சட்டம் காக்காதா எனக் கேட்கலாம். ஆங்கிலேயர் 1904-இல் ஒரு சட்டம் செய்தனர். நடுவணரசு 1958-இலும், தமிழக அரசு 1966-இலும் தொன்மை இடங்களைக் காக்கத் தனித்தனிச் சட்டங்கள் இயற்றின. நடுவண் சட்டப்படி, நூறாண்டு அகவைக்குக் குறையாத ஒன்றை அரசு தேர்ந்து, அறிவிப்பு வெளியிட்டு, இரண்டு திங்கள் மறுப்புரை கேட்டு, அதன்பின் காக்கப்படும் இடமாக அறிவிக்கலாம். முறை சரியே, ஆனால் அதன் கண்ணுக்குப் பெரியவை மட்டுமே தென்படுகின்றன. நடுவண் தொல்லியல் துறையின் காப்பில் தமிழகத்தில் இருப்பவை நானூற்றுக்குச் சற்று மேற்பட்டவை. மாநிலத் துறையின் காப்பில் இருப்பவை நூற்றை ஒட்டியவை. தமிழகத்தின் ஊராட்சிகளோ 12,000-க்கும் மேல். இருபது ஊராட்சிக்கு ஒன்று என்னும் அளவுகூடத் தேறவில்லை. சுந்தரர் பாடிய திருச்சுழியல் கோயிலுக்குக் கேட்பார் உண்டு. கண்மாய்க் கரையில் சாய்ந்து நிற்கும் தனிக்கல்லுக்குக் கேட்பார் எவர்?

இதனினும் நாணத்தக்க செய்தி ஒன்றுண்டு. இராபர்ட்டு சீவெல் என்னும் ஆங்கில அலுவலர், சென்னை மாகாணத்துத் தொல்பொருள்களை மாவட்டம், வட்டம், ஊர் என்று வரிசைப்படுத்தி, 1882-இலும் 1884-இலும் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். ஆளவந்தவன் தன் ஆட்சித் தேவைக்காகவே எழுதினான். தன் மொழியிலேயே எழுதினான். எனினும் எழுதினான்! அதன்பின் ஒன்றரை நூற்றாண்டு ஆகப்போகிறது. தமிழன் தன் ஊரைத் தன் மொழியில் எழுதிய பட்டியல் ஊர்தோறும் உண்டா? தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள்கூட நெடுங்காலம் மைசூரில் கிடந்தன. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவருமாறு 2021-இல் உயர்முறை மன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட வேண்டியிருந்தது. தமிழகத்தின் மரபுடைமைகளைக் காக்க ஓர் ஆணையம் அமைக்கும் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டும் ஏட்டளவில் கிடந்ததை, 2021 சூன் திங்களில் சென்னை உயர்முறை மன்றம் தன் விரிவான தீர்ப்பில் சுட்டிக்காட்டியது. தன் உடைமையை வாங்கவும் காக்கவும் வழக்குமன்றப் படியேறி நிற்க வேண்டிய நிலையிலன்றோ தமிழினம் உள்ளது!

பிற நாட்டார் இதனை எவ்வாறு செய்தனர் என்பதும் அறியத்தக்கது. இரண்டாம் உலகப் போரில் செருமானிய வானூர்திகள் இங்கிலாந்தின்மேல் குண்டு வீசியபோது, சிதைந்த கட்டடங்களுள் எதனை இடிக்கலாம், எதனைத் தாங்கி நிறுத்த வேண்டும் என்று முடிவுசெய்யப் பட்டியல்கள் உருவாக்கப்பட்டன. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் அப்பணியை நாடு முழுமைக்கும் விரித்தது. இன்று அங்குள்ள பட்டியலில் மூன்றரை இலக்கத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. அரண்மனைகள் மட்டுமல்ல, தொலைவு காட்டும் வழிக்கல்லும் தெருவோரத் தொலைப்பேசிக் கூண்டும்கூட அதில் இடம்பெற்றுள்ளன. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து வீழ்ந்தது. பேணாத பெருமை நிலைக்காது என்பதற்கு அதுவே சான்று. ஆயினும் அதன் வடிவம் பதிவில் இருந்தமையால் பழைய தோற்றத்திலேயே மீண்டும் எழுப்ப முடிந்தது. பதிவில்லாத பரளச்சிப் பக்கத்து மண்டபம் வீழ்ந்தால், எதனைப் பார்த்து எழுப்புவது?

ஆதலின், கணக்கெடுப்பை ஊரே தொடங்க வேண்டும். தமிழில் எழுத வேண்டும். அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு குறிப்பேடு, ஓர் அளவுநாடா, ஒளிப்படம் எடுக்க ஒரு கைப்பேசி, ஊரறிந்த முதியவர் இருவர், உள்ளூர்ப் பள்ளியின் தமிழாசிரியர், ஆர்வமுள்ள மாணவர் நால்வர் ஆகியவை போதும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஊரார் வழங்கும் பெயர், நில அளவை எண், உரிமையாளர், நீள அகல உயரம், கட்டிய பொருள், இன்றைய நிலை, அதனைப் பற்றிய வாய்மொழிச் செய்தி ஆகியவற்றைத் தனித்தனிப் பக்கத்தில் எழுதுக. ஊரார் சொல்லும் பெயரையே முதலில் எழுதுக. பின்வந்தோர் ஒட்டவைத்த வடமொழிப் பெயர் இருப்பின் அதனை அடுத்துக் குறிக்க. எழுத்துள்ள கல்லைச் சுரண்டவோ எண்ணெய் பூசவோ வேண்டா. ஒளிப்படம் எடுத்துத் தொல்லியல் துறைக்கு அறிவிக்க.

அவ்வேட்டைக் கிராமசபை என அரசு வழங்கும் ஊரவையின்முன் வைக்க வேண்டும். அதன் கூட்டங்கள் ஆண்டுக்கு ஆறு என 2022-இல் உயர்த்தப்பட்டன. அவற்றுள் ஒன்றிலேனும் பட்டியலைப் படித்து, திருத்தி, ஊரின் உடைமை எனக் கையொப்பமிடலாம். அப்பட்டியலில் உள்ளதை ஊரவைக்குச் சொல்லாமல் இடிக்கலாகாது என முடிவெடுக்கலாம். முடிவின் படிகளை வட்டாட்சியர்க்கும் தொல்லியல் துறைக்கும் அனுப்பலாம். ஊரவையின் முடிவு மட்டுமே ஒரு கட்டடத்தைக் காத்துவிடாது என்பது மெய்யே. எனினும், எதனைக் காக்க வேண்டும் என்று அரசைக் கேட்பதற்கு, முதலில் எது உள்ளது எனச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பராந்தகச் சோழன் காலத்து உத்தரமேரூர் ஊரவை தன் குடவோலை முறையைக் கல்லில் பொறித்தது. அச்சுவர் நின்றமையால்தான் தமிழரின் ஊராட்சி முறையை உலகம் இன்றும் எடுத்துப் பேசுகிறது.

பழையன எல்லாவற்றையும் கட்டிக் காப்பதா என்பார்க்கும் விடை உண்டு. எல்லாவற்றையும் எழுதுக, தேர்ந்தவற்றைக் காக்க. ஒழுகும் கூரையின்கீழ்க் குடும்பத்தோடு வாழும் ஏழை தன் பழைய வீட்டை இடிக்க எண்ணினால் அவன் பகைவன் அல்லன். அவனுக்கு வீட்டுவரி நீக்கமும் பழுதுபார்க்கப் பொருளுதவியும் அளிக்காமல், காப்பு என்னும் பெயரால் சுமையேற்றுவது அறமாகாது. பழுதுபார்ப்பதிலும் அறிவு வேண்டும். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளிவிடும். அதன்மேல் பூசும் சீமைக்காரையோ ஈரத்தை உள்ளேயே அடைத்துச் செங்கல்லை உப்பரிக்கச் செய்யும். குடமுழுக்கின் பெயரால் கோயிற் சுவரில் மணலைப் பீய்ச்சித் தூய்மை செய்வது, அழுக்கோடு எழுத்தையும் சேர்த்தே துடைத்துவிடும். காப்போன் கையாலேயே அழிவு நேர்வது கொடுமையினும் கொடுமை.

இன்னொன்று, இதுவே தலையாயது. ஊரின் பட்டியல் எவர் பட்டியல்? ஒரு சாதியாரின் சாவடியையும் ஒரு தெருவின் கோயிலையும் மட்டும் எழுதிவிட்டு, ஒடுக்கப்பட்ட மக்கள் தோண்டிய கிணற்றையும் அவர்தம் தெய்வத்தின் பீடத்தையும் விட்டுவிடும் ஏடு வரலாறாகாது. அது சாதியின் கணக்காகவே முடியும். பள்ளிவாயிலும் தேவாலயமும் தமிழர் கைப்பட எழுந்தவையே. கண்மாய்க்கு மண் சுமந்தவர் எவரோ அவர்க்கும் மடையில் உரிமையுண்டு. அனைவரையும் ஒரே ஏட்டில் எழுதும் ஊரே தமிழூர்.

ஆணையம் வரட்டும், அலுவலர் வரட்டும், ஆட்சி மாறட்டும் என்று காத்திருந்த காலத்தில் விழுந்தவை போதும். அடுத்த மழையில் எந்தச் சுவர் சாயும் என எவர்க்கும் தெரியாது. பரளச்சியிலும் பள்ளிமடத்திலும் அவைபோன்ற ஆயிரம் ஊர்களிலும் தமிழிளைஞர் இந்தத் திங்களிலேயே ஓர் ஏட்டை விரித்து முதற்பக்கத்தை எழுதித் தொடங்குக. கல் வீழினும் சொல் நிற்கட்டும். சொல் நின்றால், கல்லை மீண்டும் நிறுத்தும் கைகள் ஒருநாள் வரும்.