பழகாத பழகுநர்கள்

'அப்ரென்டிஸ்' என்பதற்குத் தமிழில் நிலைபெற்றுவிட்ட சொல் 'தொழில் பழகுநர்'. அரசு அறிவிப்புகளில் அடிக்கடி கண்ணில் படுவதாலேயே அதன் பொருத்தம் கவனிக்கப்படாமல் போகிறது. ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேருக்குப் 'பற்றிக்கொள்ளுதல்' என்று பொருள். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தை இந்தி 'சிக்ஷு' சட்டம் என்கிறது. அந்தச் சொல்லின் வடமொழி வேர், 'இயலுதல்' என்னும் வினையின் விழைவு வடிவம். ஒன்றைச் செய்ய வல்லவராக விரும்புதல் என்பது அதன் பழம்பொருள். தமிழ் வினைக்கோ இரு முகங்கள் உண்டு. மிதிவண்டி ஓட்டவும் பழகுகிறோம், அண்டை வீட்டாரோடும் பழகுகிறோம். கைக்குத் திறன் படிவதையும் மனிதரோடு நெருங்குவதையும் ஒரே வினை குறிக்கிறது. இந்தியத் தகவல் தொழில்நுட்பத் துறையின் பழகுநர் பயிற்சி முதற்பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டது. இரண்டாவது இல்லாமல் முதலாவது வாய்க்காது என்பதே இங்குச் சொல்ல வேண்டியது.

சட்டம் என்ன தருகிறது என்பதை முதலில் பார்க்கலாம். 2014ஆம் ஆண்டுத் திருத்தம், அரசு பட்டியலிட்ட தொழில்களுக்கு அப்பால் நிறுவனங்களே தீர்மானிக்கும் 'விருப்பத் தொழில்' என்ற வகையைச் சேர்த்தது. கணினி சார்ந்த புதிய பணிகள் பலவற்றுக்கும் பழகுநர்களை எடுக்க அது வழிவிட்டது. 2016இல் தேசியத் தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம் வந்தது. 2019இல் திருத்தப்பட்ட விதிகள், 30 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்கள் தம் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை அமர்த்த வேண்டும் என்றன. குறைந்தபட்ச உதவித்தொகை, கல்வித் தகுதிக்கேற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை என வகுக்கப்பட்டது. சட்டத்தின் 18ஆம் பிரிவோ பழகுநர் 'பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளர் அல்லர்' என்கிறது. தொழிலாளர் நலச் சட்டங்களின் பாதுகாப்பு பெரும்பாலும் அவருக்கு இல்லாமல் போவது இந்த ஒரு வரியால்தான். அந்த விலக்கை நியாயப்படுத்தக்கூடியது ஒன்றே ஒன்று: அவர் உண்மையாகவே எதையேனும் கற்க வேண்டும்.

கற்கிறாரா? ஐடிஐயில் ஓராண்டுக் கணினி இயக்குநர் மற்றும் நிரலாக்க உதவியாளர் படிப்பையோ, சிறுநகரக் கல்லூரி ஒன்றில் கணினிப் பட்டப்படிப்பையோ முடித்துவிட்டு பெங்களூருக்கோ புணேவுக்கோ நொய்டாவுக்கோ செல்லும் ஓர் இளைஞரின் நாளை எண்ணிப் பார்க்கலாம். முதல் சில வாரங்கள் காணொளிப் பாடங்களும் அவற்றின் முடிவில் வரும் சரியா தவறா வினாக்களுமாகக் கழிகின்றன. பிறகு ஒரு டிக்கெட் வரிசை அவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. கடவுச்சொல் மறந்தவருக்கு மீட்டுத் தருவது, எழுதிவைத்த சோதனைப் படிகளை வரிசையாக இயக்கிப் பார்த்துத் தேறியது தேறாதது எனக் குறிப்பது, எச்சரிக்கை மணி வந்தால் உரிய குழுவுக்கு அனுப்புவது ஆகியவை அவர் வேலை. அனுப்பிய டிக்கெட் அடுத்த குழுவுக்குப் போனதும் அவர் திரையிலிருந்து மறைந்துவிடும். சிக்கல் என்னவாக இருந்தது, யார் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. நிரல் களஞ்சியத்தைப் படிக்கும் அனுமதியும் இராது. ஓராண்டின் முடிவில் சான்றிதழ் கிடைக்கும். எல்லா நிறுவனங்களும் இப்படியல்ல. ஆனால் இப்படி நடத்தும் ஒரு நிறுவனம் எந்த விதியையும் மீறியதாகாது என்பதுதான் கவலைக்குரியது.

'சில்லறை வேலை கொடுத்து ஏய்க்கிறார்கள்' என்று இதற்கு உடனே ஒரு கண்டனம் எழும். அந்தக் கண்டனம் குறி தவறியது. ஜீன் லேவும் எட்டியென் வெங்கரும் 1991இல் வெளியிட்ட 'சிச்சுவேட்டட் லேர்னிங்' நூல் ஐந்து வகைப் பழகுநர்களை ஒப்பிட்டது. அவற்றுள் இரண்டு இங்குப் பொருந்தும். லைபீரியாவின் வய், கோலா தையற்காரர்களிடம் பழகவரும் சிறுவர்கள், ஆடை உருவாகும் வரிசைக்குத் தலைகீழாகக் கற்கிறார்கள். முதலில் பொத்தான் தைப்பதும் ஓரம் மடிப்பதும், பிறகு தையல், கடைசியில்தான் துணி வெட்டுவது. பொத்தான் தைப்பது சில்லறை வேலைதான். ஆனால் முழு ஆடை அவன் மடியில் கிடக்கிறது. வெட்டும் ஆசான் கண்ணெதிரே இருக்கிறார். தவறினால் பெரிய இழப்பு இல்லாத இடத்திலிருந்து தொடங்கி, தொழிலின் முழு வடிவத்தையும் பார்த்தபடியே அவன் உள்ளே நகர்கிறான்.

மற்றொன்று, அமெரிக்கப் பேரங்காடிகளின் இறைச்சி வெட்டுநர்கள். தொழிற்பள்ளியில் அவர்கள் கத்தி தீட்டக் கற்றார்கள். கடைக்கோ தீட்டிய கத்திகளே வந்து இறங்கின. கடையில் பழகுநர்கள் பொட்டலம் கட்டும் இயந்திரத்தருகே நிறுத்தப்பட்டார்கள். தேர்ந்தவர்கள் வெட்டுவது அங்கிருந்து தெரியாது. பொட்டலம் கட்டுவதில் மட்டும் அவர்கள் விரைவானார்கள். அவர்களுக்குச் சட்டப்படி ஒப்பந்தம் இருந்தது, ஊதியமும் இருந்தது, பார்வைக்கோடுதான் இல்லை. நம் டிக்கெட் வரிசையும் அந்தப் பொட்டல இயந்திரமும் ஒன்றே. இடையில் சுவர் இல்லை. அனுமதி அமைப்பு இருக்கிறது.

இதில் மொழிக்கும் பங்குண்டு. பழகுநர்களைப் பற்றிய மதிப்பீடுகளில் தவறாமல் இடம்பெறும் குறை 'தொடர்பாற்றல் போதவில்லை' என்பது. இலக்கணமோ உச்சரிப்போ பெரும்பாலும் சிக்கல் அல்ல. 'கேன் யூ ஹேவ் எ லுக்?' என்பது அலுவலகத்தில் கேள்வியன்று, ஏவல். 'லெட்ஸ் டேக் இட் ஆஃப்லைன்' என்றால் இந்தப் பேச்சு இங்கு முடிந்தது என்று பொருள். நிரல் திறனாய்வில் 'இதை வேறு விதமாகவும் செய்யலாமே' என்று மூத்தவர் எழுதினால், இப்படியே விட்டால் ஏற்க மாட்டேன் என்று கொள்ள வேண்டும். இவற்றை எந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பும் கற்பிக்காது. உடனிருந்து கேட்டவர்க்கே இவை பிடிபடும். அதோடு, பல குழுக்களில் கூட்டம் ஆங்கிலத்தில் நடந்தாலும் கோளாறின் உண்மைக் கதை தேநீர் வேளையில்தான் வெளிவருகிறது. அது கன்னடத்திலோ தெலுங்கிலோ இந்தியிலோ ஆங்கிலம் கலந்து பேசப்படும். தனி வரிசையில் அமர்த்தப்பட்ட பழகுநருக்குக் கூட்டமும் இல்லை, தேநீர்ப் பேச்சும் இல்லை. கேட்க வாய்ப்பே தரப்படாத மொழியை அவர் பேசவில்லை என்று குறை எழுதுவது எவ்வகையில் நேர்மை?

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் உண்டு. வாடிக்கையாளரின் தரவைப் புதியவரிடம் திறந்துவிட முடியாது. மூத்தவரின் நேரம் கணக்கிட்டு விற்கப்படுகிறது. பழக்கிவிட்டால் ஆள் வேறிடம் போய்விடுவார். ஆனால் பார்வைக்கோடு என்பது தரவுக்கான அனுமதி அன்று. தீர்ந்துபோன கோளாறு ஒன்றைத் தரவு நீக்கி, அது எப்படித் தேடிக் கண்டடையப்பட்டது என்று வாரம் ஒரு மணிநேரம் விளக்குவதற்கு எந்த ஒப்பந்தமும் தடையன்று. ஐயங்களைத் தீர்க்கச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இருக்கின்றனவே என்பாரும் உண்டு. கேட்கத் தெரிந்த கேள்விக்குக் கருவி விடை தரும். எதைக் கேட்க வேண்டும் என்பதும், எந்தப் பிழையைத் திருத்தாமல் விட்டுவைப்பதே அறிவு என்பதும், தேர்ந்தவர் தடுமாறுவதை அருகிருந்து பார்த்தவர்க்கே தெரியும்.

இது நிறுவனங்களோடு முடியும் பொருளன்று; பல்கலைக்கழகங்களின் பொறுப்பும் ஆகும். பழகுநர் பயிற்சியை உள்ளடக்கிய பட்டப்படிப்புகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2020இல் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அத்தகைய படிப்புகளில் பயிற்சிக் காலத்துக்கும் மதிப்பலகுகள் உண்டு. அவற்றை அளிப்பது ஆசிரியர்தான். ஆனால் அவர் கைக்கு வருவது பெரும்பாலும் வருகைப் பதிவும், முத்திரையிட்ட சான்றும், ஒரே அச்சில் வார்த்த அறிக்கையுமே. இவற்றைப் பார்த்துக் கையொப்பமிடுமுன் வாய்மொழித் தேர்வில் மூன்று கேள்விகள் கேட்கப்படலாம். யார் வேலை செய்வதை அருகிருந்து பார்த்தாய்? உன் தவற்றை யார் படித்துக் காரணம் சொன்னார்? நீ அனுப்பிய வேலை அதன்பின் என்ன ஆயிற்று? மூன்றுக்கும் விடை இல்லையெனில் அந்தக் குறை மாணவருடையதன்று. மதிப்பெண்ணை அவருக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டு அந்த நிறுவனத்துக்கு மாணவர்களை அனுப்பாமல் இருப்பதே முறை.

உதவித்தொகை உயர வேண்டும் என்ற கோரிக்கை சரியானது. நகரத்தில் அறை வாடகைக்கே போதாத தொகையில் யாரும் நிம்மதியாகக் கற்க முடியாது. ஆயினும் தொகை மட்டும் உயர்ந்து இருக்கை மாறாவிட்டால், மலிவான தொழிலாளர் சற்றே விலை கூடிய தொழிலாளர் ஆவார், அவ்வளவுதான். இருபது வயதில் ஓராண்டு என்பது சிறிய காலமன்று. அந்த ஓராண்டுக்குத் தொழிலாளர் என்ற உரிமையை விட்டுக்கொடுத்த ஒருவருக்கு, பழகுநர் என்ற பெயரின் இரு பொருளும் சேர்ந்தே கிடைத்தாக வேண்டும்.