எந்தக் கருநொச்சி?

நாட்டு மூலிகைகளைப் பற்றி நம் பல்கலைக்கழகங்களில் எழுதப்படும் ஆய்வேடுகளில் ஓர் அட்டவணை தவறாமல் இடம்பெறும். முதல் நிரலில் தாவரவியல் பெயர், இரண்டாவதில் குடும்பம், மூன்றாவதில் ‘வட்டாரப் பெயர்’. முதல் இரண்டையும் தேர்வாளர்கள் எழுத்தெண்ணிப் படிப்பார்கள். மூன்றாவதைப் பற்றி ஒரு கேள்வியும் எழாது. அது பெரும்பாலும் முந்தைய அட்டவணை ஒன்றிலிருந்து பெயர்த்தெழுதப்பட்டது என்பது நாம் எல்லோரும் அறிந்ததே. யார் சொன்ன பெயர், எந்த ஊரில், எந்தச் செடியைக் காட்டிச் சொன்னது என்ற விவரம் எதுவும் அதில் இராது. மொழியியல் பயின்ற எவரும் இதைச் சிறு குறையென்று கடந்துபோக முடியாது. இது சான்றை அழிக்கும் வேலை.

நொச்சியை எடுத்துக்கொள்வோம். இந்தியாவின் பெரும்பகுதியில் வேலியோரங்களிலும் ஆற்றங்கரைகளிலும் தானாக வளரும் புதர் அது. மராத்தியில் நிர்குடி, வங்காளத்தில் நிசிந்தா, தெலுங்கில் வாவிலி, கன்னடத்தில் லக்கி. தாவரவியலில் வைட்டெக்ஸ் நெகுண்டோ. நெடுங்காலம் வெர்பினேசியே குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த இச்செடி, 1990களில் நடந்த மறுவகைப்பாட்டில் துளசி, தும்பை, புதினா ஆகியவற்றின் குடும்பமான லேமியேசியேவுக்கு வந்து சேர்ந்தது. எதிரெதிராய் அமைந்த இலைகள், நான்முக இளந்தண்டு, ஈருதடு கொண்ட சிறு நீலப் பூ, கசக்கினால் எழும் மணம் எனப் பார்ப்பவர் கண்ணுக்கும் மூக்குக்கும் அந்த உறவு புலப்படும்.

இதன் நெருங்கிய உறவான நீர்நொச்சி, வைட்டெக்ஸ் டிரைஃபோலியா என்ற தனி இனம். நொச்சியில் ஒரு காம்பில் மூன்று முதல் ஐந்து சிற்றிலைகள் இருக்கும். நடுச் சிற்றிலைக்குத் தெளிவான காம்பு உண்டு. நீர்நொச்சியில் பெரும்பாலும் மூன்று சிற்றிலைகள். அவற்றுக்குக் காம்பு இல்லை, அல்லது இல்லையென்று சொல்லுமளவுக்குக் குறுகியது. எனவே சிற்றிலைகளை எண்ணுவது மட்டும் போதாது, காம்பையும் பார்க்க வேண்டும். இதுவரை சிக்கல் இல்லை.

‘கருநொச்சி’யில்தான் சிக்கல் தொடங்குகிறது. தமிழ் மூலிகை நூல்கள் பலவற்றில் அது ஜஸ்டிசியா ஜென்டருசா. அச்செடி நொச்சிக் குடும்பமே அன்று. ஆடாதோடையின் குடும்பமான அகாந்தேசியேவைச் சேர்ந்தது. அதன் இலை தனியிலை, ஈட்டி வடிவம், தண்டு கருஞ்சிவப்பு. கேரளத்திலோ அதே செடி வாதங்கொல்லி என வழங்குகிறது. அங்கே ‘கரிநொச்சி’ என்றால் வைட்டெக்ஸ் நெகுண்டோ, குறிப்பாக அதன் ஊதா சாயல் கொண்ட வகை. இவை போதாதென்று, இலையின் அடிப்புறம் ஊதாவாக இருக்கும் நீர்நொச்சியின் தோட்ட வகை ஒன்று அலங்காரச் செடியாக விற்பனையாகிறது. அதையும் கருநொச்சி என்பவர்கள் உண்டு. ஒரு சொல், இரு குடும்பங்கள், மூன்று செடிகள்.

இப்போது அந்த அட்டவணைக்குத் திரும்புங்கள். ‘கருநொச்சி இலைச்சாறு அருந்துவர்’ என்று ஒருவர் எழுதிவைக்கிறார். எந்தக் கருநொச்சி? ஜஸ்டிசியா ஜென்டருசா ஆண்களுக்கான கருத்தடைப் பொருளாக இந்தோனேசியாவில் ஆராயப்பட்டுவரும் செடி. ஆவிபிடிக்கவும் ஒத்தடத்துக்கும் பயன்படும் நொச்சியின் இடத்தில் அதை மாற்றிவைப்பது எழுத்துப்பிழை அன்று. இலக்கிய ஆய்வுக்கும் இதே கேடு நேர்கிறது. குறிஞ்சிப்பாட்டில் வரும் சிந்துவாரத்துக்குக் கருநொச்சி என்று பொருள் எழுதுவது வழக்கம். சிந்துவாரம் என்பது வடமொழி மருத்துவ நூல்களில் நொச்சியைக் குறிக்கும் சொல். இன்றைய மூலிகை நூலொன்றைத் திறந்து ‘கருநொச்சி’யைத் தேடுகிறவர், சங்கப் பூவுக்கு ஜஸ்டிசியாவைக் கண்டெடுத்து வந்துவிடுவார்.

‘இதனால்தான் வட்டாரப் பெயர்களை நம்பக்கூடாது, இலத்தீன் பெயர் ஒன்றே போதும்’ என்பார்கள். மாதிரிச் செடி எடுக்காமல் நூலைப் பார்த்து எழுதிய இலத்தீன் பெயர் மட்டும் எப்படிச் சான்றாகும்? அதுவும் பெயர்த்தெழுதியதுதான். மேலும், நெகுண்டோ என்பது இலத்தீன் சொல்லே அன்று, ‘நிர்குண்டி’யின் திரிபு. கோவாவில் வாழ்ந்த கார்சியா த ஓர்த்தா 1563இல் வெளியிட்ட நூலிலேயே அச்சொல் இருக்கிறது. 1753இல் லின்னேயஸ் அதைத் தாவரவியல் பெயராக்கினார். இலை ஒத்திருக்கிறது என்பதற்காக வட அமெரிக்க மேப்பிள் மரம் ஒன்றுக்கும் ஏசர் நெகுண்டோ என்று பெயர் வைத்தார்கள். பெயர் இடம்பெயர்வது நாட்டு மக்களின் குறையன்று. எல்லாச் சொல்லின் இயல்பு. தாவரவியல் பெயரில் குழப்பம் நேராமல் காப்பது அதனோடு பிணைக்கப்பட்ட உலர்தாவர மாதிரி. அந்தக் காவலை வட்டாரப் பெயருக்கு நாம் மறுத்துவிட்டு, அதை நம்பகமற்றது என்று பழிப்பது நேர்மையா?

மக்கள் குழம்பவில்லை. தமிழ்நாட்டில் கருநொச்சி என்பவருக்கும் கேரளத்தில் கரிநொச்சி என்பவருக்கும் தத்தம் செடி எதுவென்று ஐயமில்லை. இருவர் பேச்சையும் ஊர்ப்பெயர் நீக்கி ஒரே கட்டத்தில் கொட்டிய நாம்தான் குழப்பத்தை உண்டாக்கினோம்.

மொழியியலாருக்கும் இதில் பங்குண்டு. சொற்பட்டியல் திரட்டும்போது ஒலியன்களை நுணுகிப் பதிவுசெய்துவிட்டு, பொருளுக்கு ‘ஒருவகைச் செடி’ என்று எழுதி முடித்துக்கொள்கிறோம். தாவரவியலார் சொல்லைத் தொலைக்கிறார்கள். நாம் செடியைத் தொலைக்கிறோம்.

கோருவது பெரிதன்று. ஒவ்வொரு வட்டாரப் பெயருக்கும் மாதிரி எண், ஊர், நாள் ஆகிய மூன்றும் வேண்டும். இசைவு பெற்றபின் சொன்னவர் பெயரும் வேண்டும். இவை இல்லாத நிரலை ஆய்வு நெறியாளர்கள் திருப்பி அனுப்ப வேண்டும். அப்படிச் செய்தால் அட்டவணைகள் சிறுக்கும். முந்நூறு செடிகள் முப்பதாகும். அந்த முப்பதையாவது அடுத்து வருபவர் நம்பலாம்.