வீடு கட்டக் கல் கொடுக்கும் ஊர்

சென்னையில் ஒரு மாடி வீடு எழும்புகிறது. கோவையில் ஒரு பாலம் கட்டுகிறார்கள். மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடுகிறார்கள். மூன்றுக்கும் சிமெண்டு வேண்டும். சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வேண்டும். அந்தக் கல் பூமிக்குள் புதைந்து கிடக்கும் ஊர்களில் ஒன்று கல்லங்குறிச்சி. அரியலூர் பட்டணத்துக்குப் பக்கத்து ஊர்.

அரியலூர் வட்டாரத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். அவற்றை நம்பிப் பெரிய பெரிய சிமெண்டு ஆலைகள். அரியலூரில் அரசு சிமெண்டு ஆலை 1979-ல் தொடங்கியது. பின்னர் தனியார் ஆலைகளும் பல வந்தன. ஒரு டன் சிமெண்டு செய்ய ஏறத்தாழ ஒன்றரை டன் கல் வேண்டும். கல்லைப் பொடியாக்கி, களிமண் சேர்த்து, சுமார் 1,450 டிகிரி சூட்டில் சுடுகிறார்கள். கிடைத்த கட்டியை ஜிப்சத்தோடு சேர்த்து அரைத்தால் சிமெண்டு.

இப்படி ஊருக்கெல்லாம் வீடு கட்டக் கல் கொடுக்கும் இந்த வட்டாரம், தான் குடியிருக்க நல்ல இடமாக இருக்க வேண்டாமா? நல்ல ஊர் என்றால்தான் என்ன? அதைக் கொஞ்சம் சிந்தித்துப் பார்ப்பது நல்லது.

கல்லே தெய்வம்

கல்லங்குறிச்சி என்றதும் சுற்று வட்டார மக்களுக்கு முதலில் நினைவு வருவது சுரங்கம் அல்ல. கலியுக வரதராசப் பெருமாள் கோயில். இங்கே பெருமாள் கற்கம்ப வடிவில் இருக்கிறார். அந்தக் கம்பத்துக்குத்தான் பூஜை.

தல வரலாறு இப்படிச் சொல்கிறது: மாடு வளர்க்கும் குடியானவர் ஒருவரின் சினைப்பசு காணாமல் போயிற்று. தேடித் தேடி அலுத்தார். கடைசியில் அது கன்றோடு ஒரு கற்கம்பத்தின் அருகில் நின்றது. அந்த இடமே கோயில் ஆயிற்று. இராம நவமியை ஒட்டித் திருவிழா தொடங்குகிறது. உழவர்கள் விளைந்த தானியத்தைக் கொண்டுவந்து காணிக்கை கொட்டுகிறார்கள்.

இந்தக் கதையில் ஒரு நுட்பம் உண்டு. காணாமல் போனது பசு. கிடைத்தது பசுவும் கன்றும். இழந்தவனுக்கு இழந்ததை விடக் கூடுதலாகக் கிடைத்தது. மண்ணுக்கடியில் இருந்த கல்லை இந்த மக்கள் இழக்கிறார்கள். அதற்கு ஈடாக அவர்களுக்குக் கிடைப்பது என்ன? இன்றைக்குக் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

கடல் இருந்த இடம்

இந்தக் கல் எப்படி வந்தது? சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அலை அடித்தது. சிப்பிகள் கூட்டம் கூட்டமாக வாழ்ந்து மடிந்தன. அவற்றின் ஓடுகள் அடுக்கடுக்காகப் படிந்து, இறுகி, கல்லாயின. கடல் பின்வாங்கிற்று. கல் நின்றது. மண்ணியல் அறிஞர்கள் இந்தச் சிப்பிக்கல் அடுக்குக்குக் கல்லங்குறிச்சியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். உலகில் எங்கே மண்ணியல் படித்தாலும், இந்தியாவின் பழைய கடலைப் பற்றிப் படிப்பவருக்கு இந்தச் சிற்றூரின் பெயர் தெரியும்!

அரியலூர் வட்டாரத்துச் சிப்பிகளை ஆராய்ந்து விரிவாக எழுதியவர்களில் ஒருவர் ஸ்டொலிச்கா. 1862-ல் இந்திய மண்ணியல் ஆராய்ச்சி இலாகாவில் சேர்ந்தவர். அவர் படித்தது ஐரோப்பாவில், வியன்னா நகரத்தில். அங்கே அவருக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் எடுவர்ட் சூஸ்.

மாணவர் அரியலூர்ச் சிப்பிகளை ஆராய்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், ஆசிரியர் வியன்னாவில் ஒரு பெரிய காரியம் செய்தார். அந்தக் கதை, நல்ல ஊர் எது என்று கேட்பவர்கள் எல்லாரும் அறிய வேண்டிய கதை.

வியன்னாவின் தண்ணீர்

இன்றைக்கு உலகில் வாழ்வதற்கு ஏற்ற நகரங்கள் என்று வருஷந்தோறும் வரிசைப் பட்டியல் போடுகிறார்கள். அதில் வியன்னா பலமுறை முதலிடம் பெற்றது. அழகான மாளிகைகள், சங்கீத சபைகள் எல்லாம் அங்கே உண்டு. அதனால்தான் முதலிடம் என்று பலர் நினைக்கலாம்.

ஆனால் 150 ஆண்டுகளுக்கு முன் மாளிகைகளும் சங்கீதமும் இருந்தபோதே அந்த நகரத்து மக்கள் காலராவாலும் டைபாய்டு ஜுரத்தாலும் மடிந்துகொண்டிருந்தார்கள். குடித்த தண்ணீர் கெட்டது. வியன்னாவின் மண்ணை ஆராய்ந்த சூஸ், நகரத்துக் கிணறுகள் எப்படி அசுத்தம் ஆகின்றன என்று கண்டார். அவர் நகர சபையில் அங்கம் வகித்தார். தொலைவில் இருக்கும் மலைச் சுனைகளிலிருந்து தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று வாதாடினார்.

சுமார் 100 கிலோமீட்டர் தூரம் கால்வாய் கட்டினார்கள். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் தானே ஓடி வந்தது. 1873-ல் அது நகரத்தை எட்டியது. டைபாய்டு ஜுரம் குறைந்தது. 1910-ல் இரண்டாவது கால்வாயும் வந்தது. இன்றும் வியன்னா மக்கள் குடிப்பது அந்த மலைத் தண்ணீரைத்தான்.

பட்டியலில் முதலிடம் பிறகு வந்தது. தண்ணீர் முதலில் வந்தது.

நம் நாட்டுக்கும் இது புதிய பாடம் அல்ல. இதே அரியலூர் மாவட்டத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. முதலாம் இராசேந்திர சோழன் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே புதிய தலைநகரம் அமைத்தான். கோயில் எழுப்பினான், கூடவே சோழகங்கம் என்ற பேரேரியையும் வெட்டினான். இன்று அதைப் பொன்னேரி என்கிறார்கள். அரசன் போனான். அரண்மனை மண்மேடாயிற்று. ஏரி இன்னும் ஏரியாகவே இருக்கிறது!

நாலு சோதனைகள்

ஓர் ஊர் நல்ல ஊரா என்று அறிய, மாடிகளை எண்ண வேண்டாம். கடைகளை எண்ண வேண்டாம். வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் நாள்தோறும் செய்கிற நாலு காரியங்களைப் பார்த்தால் போதும்.

முதல் சோதனை, குடம். குடிக்கத் தண்ணீர் எடுக்க ஒரு பெண் எவ்வளவு தூரம் நடக்கிறாள்? எவ்வளவு நேரம் காத்து நிற்கிறாள்? அந்த நேரத்தில் அவள் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தந்திருக்கலாம். நாலு காசு சம்பாதித்திருக்கலாம். சும்மா உட்கார்ந்து இளைப்பாறியும் இருக்கலாம். தண்ணீர் அருகில் இருந்தால் ஆயுளில் பாதி மிச்சம்.

இரண்டாவது சோதனை, துணிக்கொடி. காலையில் காயப்போட்ட வெள்ளை வேட்டியை மாலையில் வெள்ளையாகவே எடுக்க முடிகிறதா? கல் உடைக்கும் இடத்திலும் லாரி ஓடும் சாலையிலும் தூசி பறக்கும். வேட்டியில் படிவது கண்ணுக்குத் தெரிகிறது. நெஞ்சுக்குள் போவது தெரிவதில்லை. தூசிக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொள்ளும் வீட்டில் திண்ணை இருந்து என்ன பயன்?

மூன்றாவது சோதனை, வழி. ஒரு பாட்டி பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் வரை நடந்துபோய்ப் பயமில்லாமல் திரும்பி வர முடிகிறதா? அரியலூர் மாவட்டத்தில் இதுதான் பெரிய வேதனை. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் வரிசை வரிசையாகப் போகின்றன. விபத்துகள் நடக்கின்றன. தனிப் பாதை வேண்டும் என்றும், பள்ளிக்கூட நேரத்தில் லாரிகளை நிறுத்தி வைக்க வேண்டும் என்றும் மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள்.

அரியலூருக்கு 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. நல்ல காரியம். பெரிய வியாதி என்றால் திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் ஓடிய காலம் மாறுகிறது. ஆனால் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகும் வழி நன்றாக இருந்தால்தான் அவை ஊருக்குச் சொந்தம். வழி பயமானால், பக்கத்தில் இருப்பதும் தூரம்தான்.

நாலாவது சோதனை, பதில் சொல்ல ஓர் ஆள். இதற்கு அரியலூரே உலகத்துக்கு ஒரு சாட்சி வைத்திருக்கிறது. 1956 நவம்பர் 23-ந் தேதி விடியற்காலை. நல்ல மழை. அரியலூர் அருகே மருதையாற்றில் வெள்ளம். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன எக்ஸ்பிரஸ் ரெயில் பாலத்தருகே கவிழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது ரெயில்வே மந்திரியாக இருந்தவர் லால்பகதூர் சாஸ்திரி. பாலத்தை அவர் கட்டவில்லை. ரெயிலை அவர் ஓட்டவில்லை. ஆனாலும் "பொறுப்பு என்னுடையது" என்ற எண்ணத்தோடு பதவியை விட்டு விலகினார். பின்னாளில் அவரே நாட்டின் பிரதம மந்திரியும் ஆனார்.

குழாயில் தண்ணீர் வராவிட்டால் யாரைக் கேட்பது? தூசியைப் பற்றி யாரிடம் சொல்வது? "அது என் வேலை அல்ல" என்று ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டும் ஊர், தங்கத்தால் இழைத்திருந்தாலும் நல்ல ஊர் ஆகாது.

ஆலை வேண்டாமா?

அப்படியானால் ஆலைகளே வேண்டாம் என்பதா? இல்லை. மழையை நம்பிக் கடலையும் சோளமும் விதைக்கும் மானாவாரிக் காட்டுக்கு நடுவே, ஆலைகள் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. லாரி ஓட்டுகிறவர், பழுது பார்க்கிறவர், டீக்கடை வைத்திருப்பவர் எல்லாரும் அதை நம்பித்தான் பிழைக்கிறார்கள். நாட்டுக்கும் சிமெண்டு வேண்டும்.

ஆனால் நெல் அறுத்தால் மறுபடி விளையும். கல்லை வெட்டினால் மறுபடி விளையாது. 7 கோடி ஆண்டுகளுக்கு முன் சேர்ந்தது, ஒரு தலைமுறையில் தீரலாம். ஒரே ஒருமுறை கிடைக்கும் விளைச்சல் இது. அதன் பலன் ஊரில் தங்க வேண்டும்.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2015-ல் கனிமச் சட்டத்தைத் திருத்தினார்கள். சுரங்கம் உள்ள மாவட்டத்தில் மாவட்டக் கனிம அறக்கட்டளை அமைக்க வேண்டும் என்று விதித்தார்கள். சுரங்கக்காரர் அரசுக்கு ராயல்டி கட்டுகிறார். அதற்கு மேல் இந்த அறக்கட்டளைக்கும் கட்ட வேண்டும். பழைய குத்தகையானால், ராயல்டி 100 ரூபாய்க்கு 30 ரூபாய். ஏலத்தில் எடுத்த புதிய குத்தகையானால் 10 ரூபாய். குடிதண்ணீர், சுகாதாரம், கல்வி, சுற்றுப்புறத் தூய்மை ஆகியவற்றுக்கு இந்தப் பணத்தில் முதலிடம் தர வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கே இது உரியது.

வெட்டி முடித்த பள்ளங்களுக்கும் விதி உண்டு. சுரங்கத்தை மூடும்போது நிலத்தை எப்படிச் சீர் செய்வது என்று முன்கூட்டியே திட்டம் தர வேண்டும். வேலி இல்லாமல் ஆழமாகக் கிடக்கும் பள்ளம், மழைக்காலத்தில் பிள்ளைகளுக்கு எமன். அதே பள்ளத்துக்கு வேலி போட்டு, கரையைச் சரித்து, மரம் நட்டு, தண்ணீரைச் சோதித்து வைத்தால் அதுவே ஓர் ஏரி. சோழன் ஆள் வைத்து வெட்டினான். இங்கே வெட்டிய பள்ளம் தயாராக இருக்கிறது!

கேட்கத் தெரிய வேண்டும்

இவை தாமாக வருமா? வியன்னாவில் ஓர் ஆசிரியர் எழுந்து நின்று கேட்டார். இங்கே கேட்பதற்கு இடம் உண்டு. அதுதான் கிராம சபை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 நாள் அது கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் போய்ப் பேசலாம். ஊராட்சியின் வரவு செலவைப் பார்க்கலாம். கனிம அறக்கட்டளைப் பணத்தில் எங்கள் ஊருக்கு என்ன நடந்தது, அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று கேட்கலாம். கேட்டதைத் தீர்மானமாக எழுதச் சொல்லலாம். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.

இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற தாய்மார்களுக்கு அதைவிட நல்ல பாடம் வேறில்லை. பெண்கள் போய் உட்கார்ந்தால் குடத்தைப் பற்றிய பேச்சு வரும். துணிக்கொடியைப் பற்றிய பேச்சு வரும். பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வழியைப் பற்றிய பேச்சு வரும். ஆண்கள் மட்டும் கூடினால் இவற்றில் பாதி விட்டுப் போகும்.

கல்லங்குறிச்சிக் கோயிலுக்கு உழவர்கள் விளைச்சலில் ஒரு பங்கைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். யாரும் சட்டம் போட்டுச் செய்யவில்லை. மண் கொடுத்ததில் ஒரு பங்கு மண்ணுக்கே உரியது என்ற எண்ணம் அது. மண்ணுக்கு அடியிலிருந்து கல் எடுப்பவர்களுக்கும், அந்தக் கல்லால் கட்டிய வீட்டில் சுகமாகத் தூங்குபவர்களுக்கும் அதே கடமை உண்டு.

ஊருக்கெல்லாம் சுவர் கொடுத்த ஊருக்கு, ஒரு குடம் நல்ல தண்ணீரும், பயமில்லாத ஒரு வழியும் கொடுப்பது தர்மம் அல்ல, பாக்கி!