விலை கூடிய எஸ்.எல்.ஆர். கேமரா உங்களுக்குத் தேவையா?

டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமரா வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். உடனே ஒரு யோசனை வரும்: "வாங்குவதே வாங்குகிறாய், கொஞ்சம் கூடப் போட்டுப் பெரியதாகவே வாங்கிவிடு. பிறகு மாற்ற வேண்டியிருக்காது." கம்ப்யூட்டர் வாங்கும்போதும் இதையேதான் சொல்வார்கள். கம்ப்யூட்டருக்கு இது ஓரளவு பொருந்தும். கேமராவுக்குப் பெரும்பாலான வீடுகளில் பொருந்தாது என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கேனான், நிக்கான் இரண்டு நிறுவனங்களும் தங்கள் கவனத்தை இப்போது கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் பக்கம் திருப்பிவிட்டன. அதனால் எஸ்.எல்.ஆர். வாங்குகிறவர்கள் பலரும் பழைய கேமராவைத்தான் தேடுகிறார்கள். நல்ல கேமராக்கள் குறைந்த விலையில் கிடைக்கும் நேரம் இது. ஆனால் "ஆரம்ப நிலையா, உயர் நிலையா" என்ற கேள்வி மட்டும் மாறவில்லை.

ஒரே நிறுவனம், இரண்டு கேமராக்கள்

பொதுவாகப் பேசினால் குழப்பமே மிஞ்சும். அதனால் இரண்டு மாடல்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று 2018-ல் வந்த நிக்கான் டி3500. மற்றது 2017-ல் வந்த நிக்கான் டி7500. முதலாவது புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு. இரண்டாவது ஆர்வலர்களுக்கு. டி3500 அமெரிக்காவில் 18-55 மி.மீ. லென்ஸுடன் சேர்த்து சுமார் 500 டாலருக்கு அறிமுகமானது. டி7500 லென்ஸ் இல்லாமல், வெறும் பாடி மட்டும் சுமார் 1,250 டாலர். இரண்டரை மடங்கு விலை. அதற்கு மேல் லென்ஸ் வேறு வாங்க வேண்டும்.

இனி படத்தின் தரத்துக்கு வருவோம். இரண்டிலும் சென்சாரின் அளவு ஏறத்தாழ ஒன்றுதான். டி3500-ல் 24.2 மெகா பிக்சல், டி7500-ல் 20.9 மெகா பிக்சல். ஆம், விலை குறைந்த கேமராவில்தான் பிக்சல் அதிகம்! ஆனால் இதைப் பார்த்து ஏமாற வேண்டாம். படத்தின் அகலத்தில் வித்தியாசம் 8 சதவீதம்தான். சாதாரண 4x6 அங்குலப் பிரிண்டுக்கு 300 டி.பி.ஐ. கணக்கில் இரண்டு மெகா பிக்சலுக்குச் சற்று மேல் இருந்தால் போதும். ஏ3 அளவுக்கே 17.4 மெகா பிக்சல்தான் வேண்டும். இரண்டு கேமராவும் அதைத் தாராளமாகத் தரும்.

ஐ.எஸ்.ஓ. எண்ணைப் பார்த்தும் பலர் மயங்குகிறார்கள். டி3500-ல் 25,600 வரை. டி7500-ல் 51,200 வரை, நீட்டித்தால் 16,40,000 வரை. இந்தக் கடைசி எண் விளம்பரத்துக்கு உதவும். அதில் எடுத்த படத்தை நீங்கள் யாருக்கும் காட்ட மாட்டீர்கள். வீட்டில் நாம் உபயோகிக்கும் 400, 1600, 3200 போன்ற அளவுகளில் இரண்டு கேமராவின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது எதில் எடுத்தது என்று சொல்வது கடினம்.

கூடுதல் பணம் எதற்குப் போகிறது?

அப்படியானால் மீதி 750 டாலர் எங்கே போகிறது? படத்துக்கு அல்ல. படம் எடுக்கும் வசதிக்கு. அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

டி3500-ல் ஃபோகஸ் புள்ளிகள் 11. அதில் நடுப்புள்ளி ஒன்றுதான் குறுக்கு வகை. அதாவது படுக்கைக் கோடு, நெடுக்கைக் கோடு இரண்டையும் பிடித்து ஃபோகஸ் செய்யக்கூடியது. டி7500-ல் 51 புள்ளிகள், அதில் 15 குறுக்கு வகை. ஓடி வரும் குழந்தை, பறக்கும் கொக்கு, கபடி மைதானம் என்றால் இந்த வித்தியாசம் உடனே தெரியும். தொடர்ச்சியாக எடுக்கும் வேகம் நொடிக்கு 5 படம், 8 படம். வ்யூஃபைண்டரில் டி3500 காட்டுவது படத்தின் 95 சதவீதம். டி7500 முழுவதையும் காட்டும், காட்சியும் பெரிது. மழைத்தூறல், தூசி உள்ளே போகாமல் தடுக்கும் சீல்கள் டி7500-ல் உண்டு. வெளி மைக் மாட்டும் வசதியும் 4கே வீடியோவும் அதில்தான்.

மற்றொரு முக்கியமான வித்தியாசத்தைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். டி7500-ன் பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் இருக்கிறது. டி3500-ல் இல்லை. நிக்கானின் பழைய ஏ.எஃப்.டி வகை லென்ஸ்கள் குறைந்த விலையில் கிடைக்கும். அவற்றை டி3500-ல் மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். உள்ளேயே மோட்டார் கொண்ட ஏ.எஃப்.எஸ், ஏ.எஃப்.பி வகைகள் இரண்டிலும் தானாக ஃபோகஸ் ஆகும்.

விலை குறைந்த கேமரா ஜெயிக்கும் இடங்களும் உண்டு. பேட்டரி, கார்டு சேர்த்து டி3500-ன் எடை 415 கிராம். டி7500-ன் எடை 720 கிராம். ஒருமுறை சார்ஜ் செய்தால் நிக்கான் கணக்குப்படி டி3500-ல் 1,550 படம், டி7500-ல் 950 படம். பயணத்தில் கழுத்தில் தொங்கவிட்டு நடப்பவர்களுக்கு இது சிறிய விஷயம் அல்ல. கனமான கேமரா பீரோவிலேயே தங்கிவிடுவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

பூட்டி வைத்த வசதிகள்

எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று இருக்கிறது. ஆரம்ப நிலை கேமராவில் இல்லாத எல்லாமே செலவு பிடிப்பவை அல்ல. மோட்டார், பெரிய ப்ரிசம், கூடுதல் டயல் இவற்றுக்குப் பணம் ஆகும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் தானாக மூன்று படம் எடுக்கும் பிராக்கெட்டிங் வசதி? அது சில வரி சாஃப்ட்வேர்தான். டி7500-ல் உண்டு, டி3500-ல் இல்லை.

இது புதிய பழக்கமும் அல்ல. 2003-ல் கேனான் இ.ஓ.எஸ். 300டி வந்தது. லென்ஸுடன் 999 டாலர். எஸ்.எல்.ஆர். சாதாரண மக்கள் கைக்கு வந்தது அதிலிருந்துதான். அதே ஆண்டு வந்த 10டி பாடி மட்டும் 1,499 டாலர். இரண்டிலும் அதே 6.3 மெகா பிக்சல் சென்சார் வகை. பிறகு ஆர்வலர்கள் 300டி-க்கு அதிகாரப்பூர்வமற்ற ஃபெர்ம்வேர் ஒன்றைத் தயாரித்தார்கள். அதைப் போட்டதும் ஐ.எஸ்.ஓ. 3200, ஃப்ளாஷ் அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி போன்றவை திறந்துகொண்டன. கேமராவால் முடியாது என்றிருந்த வேலை, உண்மையில் பூட்டி வைக்கப்பட்டிருந்த வேலை!

எனவே இரண்டு மாடல்களை ஒப்பிடும்போது, எது கண்ணாடியும் உலோகமும், எது வெறும் பூட்டு என்று பிரித்துப் பாருங்கள். முதலாவதற்குப் பணம் கொடுக்கலாம். இரண்டாவதற்குக் கொடுக்கும் முன் யோசியுங்கள். பிராக்கெட்டிங் இல்லாவிட்டால் டயலைத் திருப்பி மூன்று படம் நீங்களே எடுத்துவிடலாம்.

அந்தப் பணத்தில் லென்ஸ் வாங்குங்கள்

கல்யாண மண்டபம், பள்ளி ஆண்டு விழா, பிறந்த நாள் கேக். நம் வீட்டுப் படங்களில் பாதிக்கு மேல் இப்படி வெளிச்சம் குறைந்த இடங்களில் எடுப்பவைதான். கேமராவோடு வரும் கிட் லென்ஸ் 35 மி.மீ. நிலையில் சுமார் எஃப்/4.5 அளவுதான் திறக்கும். நிக்கானின் 35 மி.மீ. எஃப்/1.8 டி.எக்ஸ். லென்ஸ் 2009-ல் சுமார் 200 டாலருக்கு வந்தது. எடையும் 200 கிராம்தான். இது கிட் லென்ஸைவிட ஆறு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கிட் லென்ஸில் 1/30 நொடியில் கலங்கிப்போகும் படத்தை, அதே ஐ.எஸ்.ஓ.வில் 1/180 நொடியில் எடுக்கலாம். ஆரத்தி எடுக்கும் கை அசையாமல் நிற்கும்.

டி7500 பாடியைக் கிட் லென்ஸுடன் வைத்துக்கொண்டால் இந்த ஆறு மடங்கு கிடைக்காது. டி3500 பாடியை இந்த லென்ஸுடன் வைத்துக்கொண்டால் கிடைக்கும். மிச்சப் பணத்தில் ஒரு ஃப்ளாஷ், ஒரு ட்ரைபாட், படங்களைச் சேமிக்க ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கலாம். இரண்டும் வாங்க வசதி இருப்பவர்கள் வாங்கிக்கொள்ளட்டும். நான் பேசுவது மாதத் தவணை கட்டுகிறவர்களைப் பற்றி.

உங்கள் கம்ப்யூட்டரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டி7500-ல் ஒரு ரா ஃபைல் சுமார் 25 எம்.பி. நொடிக்கு 8 படம் என்று ஐந்து நொடி பட்டனை அழுத்தினால் 40 படம், அதாவது 1 ஜி.பி. காலி. 4கே வீடியோவை எடிட் செய்யப் பழைய கம்ப்யூட்டர் திணறும். கேமராவை மாற்றப் போய்க் கம்ப்யூட்டரையும் மாற்ற நேரிடும்.

எதிர்த்தரப்பு வாதம்

"கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு நல்ல கேமரா கொடுத்தால்தானே நன்றாகக் கற்றுக்கொள்ளும்?" என்று கேட்கலாம். 1976-ல் வந்த பென்டாக்ஸ் கே1000 என்ற ஃபிலிம் கேமராவை நினைவூட்டுகிறேன். புகைப்பட வகுப்புகளில் பல ஆண்டுகள் அதுதான் மாணவர் கேமரா. ஆட்டோ ஃபோகஸ் இல்லை, ஆட்டோ மோடு இல்லை. வெளிச்சம் காட்டும் ஒரு முள் மட்டும் உண்டு. அதில் கற்றவர்கள் நன்றாகவே கற்றார்கள்.

ஆனால் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கே1000-ல் ஷட்டர் வேகத்துக்கு ஒரு டயல், லென்ஸ் திறப்புக்கு ஒரு வளையம் தனித்தனியாகக் கைக்கே வரும். டி3500-ல் இருப்பது ஒரே டயல். மேனுவல் மோடில் திறப்பை மாற்ற, ஒரு பட்டனை அழுத்திக்கொண்டு டயலைத் திருப்ப வேண்டும். ஐ.எஸ்.ஓ. மாற்ற மெனுவுக்குள் போக வேண்டும். டி7500-ல் இரண்டு டயல், ஐ.எஸ்.ஓ.வுக்குத் தனிப் பட்டன். இந்த ஒரு விஷயத்தில் பழைய எளிய கேமராவுக்கு நெருக்கமாக இருப்பது விலை கூடிய கேமராதான். வாரத்தில் நான்கு நாள் மேனுவல் மோடில் படம் எடுப்பவருக்கு இந்த இரண்டாவது டயல், 51 புள்ளிகளைவிட மதிப்புள்ளது.

பழையது வாங்கும்போது

டி7500-ஐவிடக் கொஞ்சம் பழைய உயர்நிலை மாடல்கள், ஆரம்ப நிலை கேமராவின் விலையிலேயே பழைய சந்தையில் கிடைக்கலாம். அப்போது சிலவற்றைச் சோதியுங்கள். கேமராவில் ஒரு படம் எடுத்து, எடிட் செய்யாமல் அப்படியே கம்ப்யூட்டரில் போட்டு, எக்ஸிஃப் தகவல் காட்டும் சாஃப்ட்வேரில் ஷட்டர் எண்ணிக்கையைப் பாருங்கள். நிக்கானில் இது தெரியும். டி7500-ன் ஷட்டர் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. எஃப்/16 வைத்து வெள்ளைச் சுவரைப் படம் எடுத்தால் சென்சாரில் உள்ள தூசி புள்ளியாகத் தெரியும். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். கடலோர ஊர்களில் இது கட்டாயம்.

என் முடிவு

விளையாட்டு, பறவைகள், மேடை நிகழ்ச்சி இவற்றை அடிக்கடி எடுப்பவர்கள், படம் எடுத்துச் சம்பாதிக்கப் போகிறவர்கள், பழைய மோட்டார் இல்லாத லென்ஸ்களை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் உயர்நிலை பாடி வாங்கலாம். கொடுக்கும் பணத்துக்கு வேலை செய்யும்.

மற்ற எல்லோருக்கும் என் யோசனை: ஆரம்ப நிலை பாடி, அதோடு ஒரு எஃப்/1.8 லென்ஸ். ஒரு வருடம் எடுங்கள். அதற்குள் "இந்தக் கேமராவில் இது முடியவில்லையே" என்று குறிப்பாக ஏதாவது ஒன்று உங்களைத் தடுத்தால், அது என்னவென்று எழுதி வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். லென்ஸ் உங்களிடமே இருக்கும், பாடியை மட்டும் மாற்றினால் போதும். அப்படி எதுவும் தடுக்கவில்லை என்றால், மிச்சமான பணத்தில் நல்ல படங்களைப் பிரிண்ட் போட்டு ஆல்பம் செய்யுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும் படங்களை வீட்டுப் பெரியவர்கள் யாரும் பார்ப்பதில்லை.